ஒரே ரூம், ஆறு பேரு, மூணு வயசு பாப்பாவோட தூக்கம்: வடசென்னையில ஒரு நிகழ்வு ஆய்வு

பாப்பாவுக்கு மூணே கால் வயசு. பால்வாடிக்கு வந்ததும் சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கும், பாட்டு சொல்லிக் குடுத்தா வாய மட்டும் அசைக்கும், பக்கத்து பையன் பொம்மைய தொட்டா கடிச்சு வச்சிடும், பத்தரை மணிக்கெல்லாம் கண்ணு சொக்கிடும். டீச்சருக்கு வந்த முதல் சந்தேகம் காது சரியா கேக்கலயோ, இல்ல பேச்சு வளர்ச்சி லேட்டோன்னு தான். அம்மாவ கூப்பிட்டு கேட்டா "ராத்திரி தூங்கவே மாட்டேங்குதுக்கா, ரொம்ப சேட்டை"ன்னாங்க. அதுக்கு முன்னாடியே யாரோ அவங்களுக்கு "எட்டு மணிக்கு லைட் ஆஃப் பண்ணிட்டு தனியா படுக்க வைங்க, பழகிடும்"னு அட்வைஸ் சொல்லி அனுப்பிட்டாங்க. தனியா எங்க படுக்க வைக்கிறது? வீடே ஒரு ரூம் தான்.

நான் இந்த ஏரியாவுல அஞ்சு வயசுக்கு உள்ள குழந்தைங்களோட வளர்ச்சிய பாக்குற வேலையில இருக்கேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் கால்வாய் ஓரத்துல இருக்குற வீடுங்கள்ல குழந்தைங்க தூங்குற விதத்த பத்தி யாரும் உக்காந்து எழுதி வைக்கிறதில்ல, எடை எழுதுறோம், உயரம் எழுதுறோம், தடுப்பூசி எழுதுறோம், தூக்கத்துக்கு மட்டும் நம்ம ரெஜிஸ்டர்ல ஒரு கட்டம் கூட கிடையாது. அதனால தான் இந்த ஒரு குடும்பத்த பத்தி முழுசா எழுதுறேன், அடையாளம் தெரியக்கூடிய விஷயங்கள மாத்திட்டேன்.

வீட்ட சொல்லிடுறேன். செங்கல் சுவரு, மேல சிமெண்ட் ஷீட்டு, ஒரே கதவு, ஜன்னல்னு பேருக்கு ஒரு கிரில்லு, அதுவும் பக்கத்து வீட்டு சுவத்த பாத்து இருக்கு. ஒரு மூலையில கேஸ் அடுப்பு, இன்னொரு மூலையில பீரோ, டிவி, மீதி இடத்துல அப்பா, அம்மா, பாப்பா, எட்டு மாசத்து தம்பி, ஆயா (அப்பாவோட அம்மா), சித்தப்பா. இது ஏதோ விதிவிலக்குன்னு நினைக்காதீங்க, 2011 சென்சஸ் படி இந்தியாவுல 37 சதவீதம் குடும்பங்க ஒரே ரூம்ல தான் இருக்காங்க. ஒரு ஃபேன் மேல சுத்துது, ஒரு டேபிள் ஃபேன் ஆயா பக்கம். ஷீட்டுக்கு கீழ குறுக்க போற கட்டையில புடவைய கட்டி தம்பிக்கு தூளி, அது சரியா ரூம் நடுவுல தொங்குது.

ஒரு வாரம் போல ராத்திரி என்ன நடக்குதுன்னு அம்மா எனக்கு வாட்ஸப்ல வாய்ஸ் நோட் அனுப்பினாங்க. எழுதி வைங்கன்னு சொன்னா நடக்காது, எட்டு வீட்ல பாத்திரம் தேச்சிட்டு வர்றவங்க எங்க நோட்டு எடுத்து எழுதுவாங்க, ஆனா "அக்கா இப்பதான் படுத்துச்சு", "அக்கா முழிச்சிடுச்சு"ன்னு அஞ்சு செகண்ட் பேசுறது அவங்களால முடியும். இத இந்த மாதிரி வேலை பாக்குற எல்லாருக்கும் சொல்லுவேன், வாய்ஸ் நோட்ல நேரம் தானா பதிவாகிடும், பின்னாடி என்ன சத்தம் கேக்குதுன்னும் தெரியும். டிவி ஓடுதா, யாராச்சும் சண்டை போடுறாங்களா, குடத்துல தண்ணி விழுதா, எல்லாம் அதுலயே இருக்கு.

அதுலேருந்து தெரிஞ்ச ராத்திரி இது. அம்மா சாயங்கால வேலை முடிச்சு வீட்டுக்கு வரும்போதே எட்டரை. வந்து உலை வைப்பாங்க, ஒன்பதரை வரைக்கும் அடுப்பு எரியும். ஆயா சீரியல் பாப்பாங்க பத்து வரைக்கும். அப்பா மார்க்கெட்ல லோடு ஏத்துற வேலை, பதினொரு மணிக்கு வருவாரு, வந்ததும் ட்யூப்லைட் எரியும், சாப்பிடுவாரு, சில நாள் குடிச்சிட்டும் வருவாரு. சித்தப்பா ஆட்டோ ஓட்டுறாரு, ஒரு மணிக்கு மேல கதவ தட்டுவாரு. நாலு மணிக்கு அம்மா எழுந்துடுவாங்க, ஏன்னா அந்த தெருவுக்கு தண்ணி வர்றது அப்பதான், குடம் மோதுற சத்தம், மோட்டார் சத்தம், தெருவே எழுந்து நிக்கும். பாப்பா தூங்க ஆரம்பிக்கிறது பதினொன்றைக்கு, அப்பா தட்ட கழுவின பிறகு. எழுந்துக்கிறது அஞ்சரைக்கு. நடுவுல சித்தப்பா வரும்போது ஒரு தடவ, தம்பி பாலுக்கு அழும்போது ரெண்டு தடவ, தண்ணிக்கு அம்மா எழும்போது ஒரு தடவ முழிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல மூணு, நாலு வயசு குழந்தைக்கு பகல் தூக்கத்தையும் சேத்து ஒரு நாளைக்கு 10 லேருந்து 13 மணி நேரம் தூக்கம் வேணும்னு இருக்கு, ஒண்ணு ரெண்டு வயசுன்னா 11 லேருந்து 14. பாப்பாவுக்கு ராத்திரி ஆறு மணி நேரத்துக்கும் கம்மி, அதுவும் துண்டு துண்டா. வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்குறது ஆழ்ந்த தூக்கத்துல தான், அந்த தூக்கம் வர்ற நேரத்துல யாராவது ஒருத்தர் பாப்பாவ தாண்டிப் போயிட்டு இருக்காங்க.

வீட்ட குறை சொல்றதுக்கு முன்னாடி உடம்புல ஏதாச்சும் இருக்கான்னு பாக்கணும், இத யாரும் ஸ்கிப் பண்ணக்கூடாது. காது செக் பண்ணியாச்சு, நல்லா கேக்குது. குறட்டை விடுதா, வாயால மூச்சு விடுதான்னு கேட்டோம், இல்ல. சளி மூக்கடைப்பு பெருசா இல்ல. ராத்திரி ஆசனவாய சொறியுமான்னு கேட்டதுக்கு அம்மா "ஆமாக்கா"ன்னாங்க, கீரிப்பூச்சி ராத்திரியில தான் வெளிய வந்து முட்டை போடும், அரிப்பு தாங்காம குழந்தை புரண்டுகிட்டே இருக்கும். கடைசியா குடற்புழு மாத்திரை குடுத்த அன்னிக்கு பாப்பா ஊர்ல இருந்திருக்கு, விட்டுப் போச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் பாத்துட்டு அல்பெண்டசோல்ங்குற பூச்சி மாத்திரை குடுத்தாங்க, ரத்தம் எடுத்து பாத்ததுல ரத்த சோகையும் இருந்துச்சு, இரும்புச்சத்து சிரப் ஆரம்பிச்சாங்க. இரும்புச்சத்து கம்மியா இருந்தா கால உதைச்சுகிட்டே தூக்கம் கலையும்ங்குறது குழந்தை டாக்டர்கள் நல்லா தெரிஞ்சு வச்சிருக்குற விஷயம். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல ஆறு மாசத்துலேருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு வந்திருக்கு, அப்படி பாத்தா தூக்கம் சரியில்லன்னு வர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் ரத்தம் பாக்கணும்.

அதுக்கு அப்புறம் தான் ரூம். இதுல நான் பார்த்தத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா "ஏழை வீடு, சின்ன இடம், என்ன பண்றது"ன்னு எல்லாரும் இங்க தான் கைய விரிச்சிடுறாங்க.

முதல்ல சூடு. தூக்கம் வரணும்னா உடம்போட உள்சூடு கொஞ்சம் இறங்கணும், கை கால் வழியா அந்த சூடு வெளிய போகணும். மே மாசம் சென்னையில ராத்திரி குறைந்தபட்ச வெப்பமே சராசரியா 28 டிகிரி கிட்ட இருக்கும், அது வெளிய. உள்ள ஷீட்டு பகல் பூரா வெயில வாங்கி சுவத்தையும் தரையையும் சூடாக்கி வச்சிருக்கும். ஆயா சொன்னாங்க, "இன்னா பண்றது கண்ணு, பத்து மணிக்கும் சுவத்த தொட்டா சுடுது." ஷீட்டு மெலிசு, அது சீக்கிரம் ஆறிடும், ஆனா சுவரு ஆறாது, ஹவுஸிங் போர்டு மேல் மாடி கான்கிரீட் வீடுங்கள்ல இது இன்னும் மோசம். அதோட, எட்டரைக்கு அப்புறம் அடுப்பு எரியுறதால ரூம் ஆறுற நேரத்துல திரும்ப சூடு ஏறுது, சோறு வடிக்கிற ஆவி வேற. பயத்துல கதவையும் சாத்திடுறாங்க, எலி வரும், குடிச்சிட்டு எவனாச்சும் வருவான்னு, அந்த பயம் நியாயமானது தான்.

அடுத்து கொசு. கால்வாய் தண்ணியில வளர்ற க்யூலெக்ஸ் கொசு ராத்திரியில கடிக்கும், அதுக்காக ஆயா கால்மாட்டுல கொசுவத்தி ஏத்தி வைப்பாங்க. மூடின ரூம்ல அது எவ்ளோ கெடுதல்னு தெரியாம தான் நாம எல்லாரும் அத பண்றோம். ஒரு கொசுவத்தி முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள் 75 லேருந்து 137 சிகரெட் புகைக்கு சமம்னு 2003ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. எட்டு மாச குழந்தை அந்த புகைக்குள்ள தான் படுத்திருக்கு.

வெளிச்சம். இத நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல மோனிக் லெபூர்ஜுவாவும் அவங்க குழுவும் மூணு லேருந்து அஞ்சு வயசு குழந்தைங்கள வச்சு 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பத்தே குழந்தைங்க தான், ஆனா ரிசல்ட் பயங்கரமா இருந்துச்சு. தூங்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சத்துல இருந்தா மெலடோனின், அதாவது தூக்கத்த வரவைக்கிற ஹார்மோன், 88 சதவீதம் கிட்ட குறைஞ்சிடுது, லைட்ட அணைச்சு 50 நிமிஷம் ஆகியும் திரும்ப ஏறல. 2022ல அதே குழு மங்கலான வெளிச்சத்த வச்சு பண்ணினாங்க, அதுலயும் பெரிய அளவுல குறைஞ்சுது. குழந்தைங்க கண்ணுக்குள்ள வெளிச்சம் பெரியவங்கள விட அதிகமா போகும். பதினொரு மணிக்கு ட்யூப்லைட் போட்டு சாப்பிடுற வீட்ல, பக்கத்துல படுத்துகிட்டு சித்தப்பா போன்ல வீடியோ தள்ளிகிட்டு இருக்குற வீட்ல, பாப்பா தூங்கல சேட்டை பண்ணுதுன்னா அது பாப்பாவோட குணம் இல்ல, வெளிச்சத்தோட வேலை.

சத்தத்துக்கு சட்டமே இருக்கு, 2000ல வந்த ஒலி மாசு விதிகள் படி குடியிருப்பு பகுதியில ராத்திரி பத்துலேருந்து காலையில ஆறு வரைக்கும் 45 டெசிபல். நாலு மணிக்கு மோட்டார் ஓடுற தெருவுல அத யார் அளக்குறாங்க.

ஆனா பாப்பா படுத்திருந்த இடம் தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. கதவுக்கு நேரா, கொஞ்சம் காத்து வரும்னு அம்மா பாசத்தோட அங்க படுக்க வச்சிருக்காங்க. ஆனா வர்றவங்க போறவங்க எல்லாரும் பாப்பாவ தாண்டித்தான் உள்ள போகணும், ஒரு மணிக்கு கதவு திறந்தா தெரு லைட்டு நேரா மூஞ்சியில அடிக்கும். ஒரே ரூம்ல ஆறு பேரு படுக்குறது கூட பெரிய பிரச்சனை இல்ல, ஆறு பேருக்கும் ஆறு நேரம், அந்த ஆறு நேரமும் பாப்பா மேலேயே நடந்து போகுது. அம்மா பக்கத்துல சேந்து படுக்குறத நான் குறையாவே பாக்கல, நம்ம ஊர்ல குழந்தை அம்மா சூட்டுல தான் தூங்கும், தனியா படுக்க வைங்கன்னு இந்த வீட்டுக்கு போய் சொல்றது அந்த அம்மாவ குற்றவாளி ஆக்குறது தான்.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா சொன்னோம். குடிச்சிட்டு வர்ற பெரியவங்க பக்கத்துல கைக்குழந்தைய படுக்க வைக்கக் கூடாது, தூக்கத்துல புரண்டு மேல விழுந்தா தெரியாது. தம்பி அம்மாவுக்கு அந்தப்பக்கம், சுவத்துக்கும் அம்மாவுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டு, மல்லாக்க, தலையணை இல்லாம. தூளி பகல்ல, யாராச்சும் பக்கத்துல இருக்கும்போது மட்டும், ராத்திரி பூரா தூளியில விட வேணாம்னு சொன்னோம். தூளிய நம்ம விட்டுக்குடுக்க முடியாது, அதுல தான் எல்லாரும் வளந்தோம், ஆனா பெரிய குழந்தைங்க அதுல ஏறி சுத்தி விளையாடும்போது புடவை கழுத்துல இறுக்கி செத்துப் போற செய்தி நம்ம ஊர் பேப்பர்ல வந்துகிட்டே தான் இருக்கு, மூணு வயசு பாப்பா இருக்குற வீட்ல பகல்ல தம்பி இல்லாதப்போ தூளிய சுருட்டி மேல கட்டி வச்சிடணும்.

மாத்தினது என்னென்னன்னா, பாப்பாவும் அம்மாவும் தம்பியும் உள்பக்க சுவத்தோரம் வந்தாங்க, கதவுகிட்ட சித்தப்பா, அவருக்கு அடுத்து அப்பா. காசே செலவாகல. நாலு மூலைக்கும் ஆணி அடிச்சு ஒரு பெரிய கொசுவலை, மூணு பேருக்கும் சேத்து, கொசுவத்திய நிறுத்தியாச்சு. வலைக்குள்ள மேல் ஃபேன் காத்து சரியா இறங்காது, வியர்த்து கொட்டும், அதனால தான் நிறைய வீட்ல வலைய வாங்கி மடிச்சே வச்சிருக்காங்க. டேபிள் ஃபேன ஒரு குட்டி ஸ்டூல் மேல வச்சு பாய்க்கு பக்கவாட்டுல நேரா திருப்பினா அந்த காத்து வலை வழியா உள்ள போகுது. ஆயா அவங்க ஃபேன விட்டுக்குடுத்தாங்க, மேல் ஃபேனுக்கு கீழ வந்து படுத்துகிட்டாங்க, இத எழுதாம விட்டா நியாயம் இல்ல. அடுப்பு பக்கத்துக்கு ஒரு பழைய புடவைய திரையா கட்டி அங்க மட்டும் ஒரு சின்ன மஞ்சள் பல்பு, லேட்டா வர்றவங்க அங்க உக்காந்து சாப்பிடணும், ட்யூப்லைட் ஒன்பதரைக்கு மேல கிடையாது. சாயங்காலம் உலைய ஆயாவே ஆறு மணிக்கு வச்சிட ஒத்துகிட்டாங்க, அம்மா வந்து குழம்பு மட்டும் சூடு பண்றாங்க. ஷீட்டு மேல வெள்ளை சுண்ணாம்பு அடிச்சாங்க, மேல ஏறினா ஷீட்டு உடையும், உடைஞ்சா ஆஸ்பெஸ்டாஸ் தூசி வரும், அதனால ஏணியில நின்னுகிட்டே நீளக் கம்புல பிரஷ்ஷ கட்டி அடிச்சாங்க. தெலங்கானா அரசு 2023ல கூரைய குளுமையா வைக்கிறதுக்குன்னே ஒரு பாலிசி கொண்டு வந்துச்சு, வெயில திருப்பி அனுப்புற வெள்ளைப் பூச்சுக்கு அவ்ளோ மதிப்பு இருக்கு.

இதெல்லாம் பண்ணி பாப்பா பத்தரைக்கு தூங்க ஆரம்பிச்சுது, சித்தப்பா வந்தா முழிக்கிறது நின்னுச்சு. நல்ல முன்னேற்றம் தான், ஆனா நான் எதிர்பார்த்த அளவுக்கு நேரம் கூடல. அப்பதான் வாய்ஸ் நோட்ட திரும்ப கேட்டோம். சாயங்காலம் ஆயா அனுப்பின ஒண்ணுல டிவி சத்தத்துக்கு நடுவுல "பாப்பா தூங்குது, எழுப்பட்டா"ன்னு ஒரு வார்த்தை. மணி ஆறேகால். விசாரிச்சா தெரியுது, ஆயா மதியம் பால்வாடியில சாப்பாடு முடிஞ்ச உடனே பாப்பாவ கூட்டிட்டு வந்துடுறாங்க, ஏன்னா ரெண்டு மணிக்கு மேல அவங்களுக்கு முட்டி வலிக்கு போய் படுக்கணும், தம்பி வேற கையில. அங்க மத்த குழந்தைங்க பாய் விரிச்சு தூங்குற நேரத்துல பாப்பா வெயில்ல வீட்டுக்கு நடக்குது, வீட்ல தூங்காம விளையாடுது, அஞ்சரைக்கு அப்படியே சுருண்டு விழுது, ஏழு வரைக்கும் தூங்குது. அப்புறம் பத்து மணிக்கு எப்படி தூக்கம் வரும்?

இங்க தான் சென்னையில நடந்த ஒரு பெரிய ஆய்வ சொல்லணும். 2021ல க்வார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்ங்குற பொருளாதார ஆய்விதழ்ல வந்தது, பெஸோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமான்னு அஞ்சு பேரு சேந்து பண்ணினது. சென்னையில கம்மி வருமானத்துல இருக்குற 452 பெரியவங்களுக்கு கையில வாட்ச் மாதிரி கருவி கட்டி தூக்கத்த அளந்தாங்க. படுக்கையில எட்டு மணி நேரம் இருக்காங்க, ஆனா தூங்குறது அஞ்சரை மணி நேரம் தான். அவங்களுக்கு மெத்தை, ஃபேன், கண்ணுக்கு பட்டை, காதுக்கு பஞ்சு மாதிரி சாமான்லாம் குடுத்து, தூக்கத்த பத்தி சொல்லிக் குடுத்து, சிலருக்கு காசும் குடுத்து பாத்தாங்க, ராத்திரி தூக்கம் 27 நிமிஷம் கூடுச்சு, ஆனா படுக்கையில கூடுதலா இருந்ததால கூடுச்சே தவிர தூக்கத்தோட தரம் மாறல, அவங்க வேலைத்திறனும் கூடல. வேலை செய்ற ஆபீஸ்ல மதியம் அமைதியான இடத்துல அரை மணி நேரம் தூங்க விட்டதுக்கு தான் பலன் வந்துச்சு, வேலை, கவனம், மனசு எல்லாம் மேம்பட்டுச்சு. அது பெரியவங்கள பத்தின ஆய்வு, குழந்தைங்களுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வீடுங்க இந்த வீடுங்க மாதிரி தான், கெட்டுப்போன ராத்திரிய சாமான் வாங்கிக் குடுத்து சரி பண்றது எவ்ளோ கஷ்டம்னு அது காட்டுது. குழந்தைங்களுக்குன்னு பாத்தா மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ரெபெக்கா ஸ்பென்சர் குழு 2013ல 40 குழந்தைங்கள வச்சு பாத்தாங்க, காலையில கத்துகிட்ட படம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற விளையாட்ட மதியம் தூங்கின குழந்தைங்க நல்லா ஞாபகம் வச்சிருந்தாங்க, மதியம் தூங்காம விட்டா, அத ராத்திரி தூங்கி ஈடு கட்டினாலும் அந்த ஞாபகம் திரும்ப வரல.

ரெண்டு வயசுக்கு மேல மதியம் தூங்கினா ராத்திரி லேட்டாகும்னு ஒரு வாதம் உண்டு, அதுல உண்மையும் இருக்கு. எட்டு மணிக்கு இருட்டாகி அமைதியாகுற வீட்டுக்கு அது சரி. இந்த வீட்ல ராத்திரி லேட்டாகுறதுக்கு மதிய தூக்கம் காரணமே இல்ல, பெரியவங்களோட வேலை நேரம் காரணம். இந்த பாப்பாவுக்கு ஒரு நாள்ல இருட்டும் அமைதியும் ஃபேனும் காலடி படாத பாயும் கிடைக்கிற ஒரே இடம் பால்வாடி தான்.

அதனால ஆயாகிட்ட பேசினோம். மூணு மணிக்கு மேல பாப்பாவ பக்கத்து வீட்டு அக்கா தன் பையனோட சேத்து கூட்டிட்டு வர்றாங்க, ஆயா வீட்லயே தம்பியோட படுத்துக்கிறாங்க. டீச்சரும் ஹெல்பரம்மாவும் தூங்குற நேரத்த ஒண்ணேகாலுக்கு நிலையா வச்சாங்க, கதவ ஒருக்களிச்சு சாத்தி, ஜன்னலுக்கு துணி போட்டு. பால்வாடிக்கும் கொசுவலை கேட்டிருக்கோம், டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கிறது, அந்த ஏரியாவுல எல்லா வீட்டு வாசல்லயும் ட்ரம்ல தண்ணி பிடிச்சு வச்சிருக்காங்க. இப்ப பாப்பா மதியம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தூங்குது, சாயங்காலம் விழுந்து தூங்குறது நின்னுடுச்சு, ராத்திரி ஒன்பதே முக்கால் பத்துக்கெல்லாம் வலைக்குள்ள போயிடுது. மொத்தமா பாத்தா ஒன்பது மணி நேரத்துக்கு பக்கத்துல வந்திருக்கு, பத்து இன்னும் வரல. கடிக்கிறது குறைஞ்சிருக்கு, பாட்டுல வார்த்தை வெளிய வருது. இரும்பு சிரப்பும் பூச்சி மாத்திரையும் சேந்து நடந்ததால எது எவ்ளோ உதவுச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது, பிரிச்சு பாக்குறதுக்காக ஒரு குழந்தைக்கு எதையும் தள்ளிப் போடவும் மாட்டேன்.

நாலு மணி தண்ணி மட்டும் அப்படியே இருக்கு. அந்த தெரு பொம்பளைங்க சேந்து நேரத்த மாத்தச் சொல்லி மனு குடுத்திருக்காங்க, ஆறு மணிக்கு விட்டா தெருவுல இருக்குற அத்தனை குழந்தைக்கும் அந்த ரெண்டு மணி நேரம் தூக்கம் கலையாம கிடைக்கும். எந்த ஒரு வீட்டுக்குள்ளயும் போய் இவ்ளோ நேரத்த நான் கூட்டிக் குடுக்க முடியாது.

இப்ப அம்மாவுக்கு இன்னொரு யோசனை, ஜூன்ல எல்கேஜி சேத்துடலாம்னு. பக்கத்துல ஒரு ஸ்கூல்ல விசாரிச்சிருக்காங்க, மூணு மணி வரைக்கும் பெஞ்சுல உக்காரணும், தூக்கம் கிடையாது. படிப்பு முக்கியம்னு அவங்க நினைக்கிறதுல ஒரு தப்பும் இல்ல, தன் பொண்ணு பாத்திரம் தேய்க்கப் போகக் கூடாதுன்னு தான் அவங்க அஞ்சு மணிக்கே வேலைக்கு கிளம்புறாங்க. இன்னும் ஒரு வருஷம் பால்வாடியில இருக்கட்டும்னு நான் சொல்லியிருக்கேன், தூங்கினா தான் படிச்சது நிக்கும்னு அந்த படம் கண்டுபிடிக்கிற ஆய்வ கதையா சொன்னேன். கேட்டுட்டு "வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு சொல்றேன்க்கா"ன்னாங்க. இன்னும் முடிவு சொல்லல.